விண்கல்லிற் பூமியைக் கற்றவர்

பூமியின் நடுவை எவரும் கண்டதில்லை. அதனுள் யாது உளது என அறிய விழைந்த அறிஞர், வானினின்று வீழ்ந்த கற்களை ஆராய்ந்தே அதனை உய்த்துணர்ந்தனர். அவ்வாராய்ச்சியைத் தனியொரு விஞ்ஞானமாக வளர்த்தோருள் முதன்மையானவர் பேராசிரியர் விக்டர் கோல்ட்ஷ்மிட். அன்னாரது வரலாற்றை நம் மாணவர் அறிதல் நன்றென எண்ணுகின்றோம்.

1888ஆம் ஆண்டிற் சுவிற்சலாந்தின் சூரிச் நகரில், யூதக் குடும்பமொன்றில் இவர் பிறந்தார். இரசாயனப் பேராசிரியரான தந்தையாருடன் 1901இல் நோர்வேயிற் குடியேறினார். 1914இல், தமது 26ஆவது வயதிலேயே, அந்நாட்டுத் தலைநகரின் சர்வகலாசாலையிற் பேராசிரியரானார்.

விண்கற்களில் உலோகம், கந்தகச் சேர்வை, கற்பொருள் என மூவகைப் பகுதிகள் உள. மூலகங்கள் ஒவ்வொன்றும் இவற்றுள் எதனை நாடுவது என இவர் வகுத்துக் காட்டினார். நிக்கல், பொன், இரிடியம் ஆகியன இரும்பை நாடுவன. செம்பும் ஈயமும் கந்தகத்தை நாடுவன. சோடியமும் அலுமினியமும் கல்லை நாடுவன. ஆதியிற் பூமி உருகிய நிலையில் இரும்பு நடுவே அமிழ்ந்தபோது, அதனை நாடியனவும் உடன் அமிழ்ந்தன. மேலோட்டிலே இரிடியம் மிக அரிதாயிருத்தற்குக் காரணம் இதுவே.

1929இல் இவர் ஜேர்மனியின் கெற்றிங்கன் சர்வகலாசாலைக்குச் சென்றார். நாசி ஆட்சியில் யூதப் பகைமை முற்றவே, 1935இற் பதவியைத் துறந்து நோர்வே மீண்டார். 1940இல் அங்கும் ஜேர்மானியப் படை புகுந்தது. 1942 ஒக்டோபரிற் சிறைப்பட்டார். நவம்பர் 26ஆம் நாள், யூதரை நாடுகடத்தும் கப்பலில் ஏற்றுதற்கென ஒஸ்லோத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டார். அவரது அறிவு நாட்டுக்கு இன்றியமையாதது எனச் சக அறிஞர் வாதாடி, இறுதி வேளையில் அவரை மீட்டனர். அக்கப்பலிற் சென்றோர் அவுஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவருள் உயிருடன் மீண்டோர் மிகச் சிலரே. அடுத்த மாதம் இவர் இரகசியமாகச் சுவீடனுக்குத் தப்பி, 1943இற் பிரித்தானியா சேர்ந்தார்.

உடல் நலிந்திருந்தும், தம் வாழ்நாள் ஆராய்ச்சியைப் பெருநூலாக எழுதத் தொடங்கினார். அது முற்றுப்பெறுமுன், 1947 மார்ச் 20இல் ஒஸ்லோவிற் காலமானார். எஞ்சிய பணியைப் பிறர் நிறைவேற்ற, 1954இல் அந்நூல் வெளிவந்தது.

அவர் வகுத்த முறை அவருக்குப் பின்னரும் பயன் தந்தது. இத்தாலியின் குப்பியோவில், 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட களிமண் படையில் இரிடியம் மிகுந்திருந்ததை அறிஞர் 1980இல் வெளியிட்டு, விண்ணினின்று பெரும்பொருள் ஒன்று பூமியில் மோதியதெனத் துணிந்தனர். கனடாவின் கிழக்குக் கிளியர்வாட்டர் ஏரியில், மோதலால் உருகி இறுகிய பாறைகளிலும் இவ்வகை மூலகங்கள் மிகுந்துள்ளன. மோதிய கல் ஆவியாய் மறைந்தும், அது விட்டுச்சென்ற இரிடியம் சான்று பகர்கின்றது.

மூலகங்களை அவற்றின் இயல்பு நோக்கி வகுத்த இவரை, நாசிகள் பிறப்பு நோக்கி வகுத்தனர். துறைமுகத்தில் அன்று சக அறிஞர் வாளாவிருந்திருப்பின், அப்பெருநூல் உலகுக்குக் கிட்டியிராது. கற்றலோடு கற்றோரைக் காத்தலும் கல்வித் தொண்டேயாம் என்பதை நாம் மறவாதிருப்போமாக.