ஜி. டி. நாயுடு

கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – சனவரி 4, 1974) தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர், தொழிலதிபர், கல்விப் பணியாளர் ஆவார். ஜி. டி. நாயுடு என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறார். இந்தியாவின் எடிசன் என்றும் இவரைக் குறிப்பிடுவர். முறையான பள்ளிக் கல்வி மிகக் குறைவாகவே பெற்ற இவர், மோட்டார் வண்டிகளைப் பிரித்துப் பார்த்தே பொறியியலைக் கற்றார். பேருந்துப் போக்குவரத்து, மின்மோட்டார், மின்சவரக் கருவி, மலிவு விலைக் கார், வேளாண்மை, தொழிற்கல்வி எனப் பல துறைகளில் பணியாற்றினார்.

இளமைக்காலம்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி. பள்ளிப் படிப்பில் நாட்டம் கொள்ளாத துரைசாமி, தொடக்க வகுப்புகளோடு பள்ளியை விட்டு விலகித் தோட்ட வேலைகளில் ஈடுபட்டார். நூல்களைப் படிப்பதில் மட்டும் ஆர்வம் குறையவில்லை.

முதல் மோட்டார் சைக்கிள்

ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஊருக்குள் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளே இவரது வாழ்க்கையின் திருப்புமுனை. மாடோ குதிரையோ இன்றித் தானே ஓடும் வண்டியை அவர் கண்டது அதுவே முதல் முறை. அத்தகைய வண்டி ஒன்றைத் தாமும் வாங்க வேண்டும் என்று உறுதி கொண்டு கோவைக்குச் சென்றார். அங்கு ஓர் உணவகத்தில் பரிமாறுபவராக ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வேலை செய்து பணம் சேர்த்தார். பின்னர் அந்த அதிகாரியிடமிருந்தே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஊர்வலம் வருவதை விட அதன் உறுப்புகளைத் தனித்தனியே கழற்றி, ஒவ்வொன்றும் செய்யும் வேலையை அறிந்து, மீண்டும் பொருத்துவதிலேயே அவர் காலம் செலவிட்டார். மோட்டார் வண்டிகள் அரிய உடைமையாகவும் செல்வத்தின் அடையாளமாகவும் கருதப்பட்ட காலம் அது. நாயுடுவுக்கோ அந்த வண்டி ஒரு பாடநூலாக அமைந்தது. இவ்வாறு பெற்ற அறிவைக் கொண்டு வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலையும் கற்றுக்கொண்டார்.

இடையில் பருத்தித் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். ஆனால் பம்பாய்க்குச் சென்று பருத்தி வணிகத்தில் ஈடுபட்டபோது பெரும் இழப்பைச் சந்தித்து ஊர் திரும்பினார்.

பேருந்துப் போக்குவரத்து

கோவையின் தொழில் முன்னோடிகளுள் ஒருவரான இராபர்ட் ஸ்டேன்சின் உதவியுடன் 1920இல் ஒரு பேருந்தை வாங்கினார். அது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடியது. தொடக்கத்தில் நாயுடுவே அதனை ஓட்டினார். பழனி முருகன் கோயிலுக்குச் செல்லும் அடியார்களும் சந்தைக்குச் செல்லும் வணிகர்களும் மாட்டு வண்டியை நம்பியிருந்த தடம் அது.

ஒரு பேருந்தில் தொடங்கிய இத்தொழில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (யூ. எம். எஸ்.) என்னும் நிறுவனமாக வளர்ந்தது. 1933ஆம் ஆண்டளவில் பேருந்துகளின் எண்ணிக்கை சுமார் 280ஐ எட்டியது. நாட்டின் சிறந்த பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக அது மதிக்கப்பட்டது.

கண்டுபிடிப்புகள்

1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் மின்மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். கோவை பீளமேட்டில் இருந்த நேசனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையில் இது செய்யப்பட்டது. மின்மோட்டார், நீரேற்றி ஆகியவற்றின் உற்பத்தியில் கோவை பின்னாளில் பெற்ற முதன்மைக்கு இது ஒரு தொடக்கமாகும்.

நாயுடுவின் பிற கண்டுபிடிப்புகளுள் குறிப்பிடத்தக்கவை:

- உலர் மின்கலத்தால் இயங்கும் ராசண்ட் மின்சவரக் கருவி
- மிக மெல்லிய சவர அலகுகள்
- திரைப்படக் கருவிக்கான தொலைவு சீராக்கி
- பழச்சாறு பிழியும் கருவி
- முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுக் கருவி
- மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி

ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941இல் அறிவித்தார். வேளாண்மையில் பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதிய வகைகளை உருவாக்கினார். இவரது பண்ணையை சர் சி. வி. இராமன், விசுவேசுவரய்யா ஆகியோர் பார்வையிட்டுள்ளனர்.

நிழற்படம், திரைப்படம் எடுப்பதிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். ஐரோப்பியப் பயணத்தின்போது, 1936இல் இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தார். காந்தி, நேரு, சுபாசு சந்திரபோசு ஆகியோரையும் படமெடுத்துள்ளார். மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் ஒருமுறை போட்டியிட்டுத் தோல்வியுற்றார்.

இரண்டாயிரம் ரூபாய்க் கார்

1952இல் இருவர் அமர்ந்து செல்லக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை நாயுடு உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. எளிய வருவாய் உடையோரும் கார் வாங்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு இதற்கு முன்பே இவ்வழியைக் காட்டியிருந்தார். 1908இல் 850 டாலருக்கு அறிமுகமான அவரது மாடல் டி கார், 1920களில் 300 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது.

நாயுடுவின் கார் மக்களைச் சென்றடையவில்லை. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1952 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி குறிப்பிட்ட தொழில்களைத் தொடங்க நடுவண் அரசின் உரிமம் தேவைப்பட்டது. மோட்டார் வண்டி உற்பத்தியும் அவற்றுள் ஒன்று. நாயுடுவின் காருக்கு அரசு உரிமம் வழங்க மறுத்தமையால் உற்பத்தி நின்றுபோனது.

அடுத்த முப்பது ஆண்டுகள் இந்தியக் கார்ச் சந்தை ஒருசில நிறுவனங்களின் கையிலேயே இருந்தது. வாங்க விரும்பியோர் முன்பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். சிறிய காரான மாருதி 800 விற்பனைக்கு வந்தது 1983 திசம்பரில்தான். அதற்குள் நாயுடு மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

கல்விப் பணி

1944இல் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து நாயுடு ஓய்வு பெற்றார். ஆராய்ச்சி உதவித்தொகை, தொழிலாளர் நலன், ஒடுக்கப்பட்டோர் நலன் ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கினார். இவரது முயற்சியாலும் நன்கொடையாலும் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக், ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி ஆகியவை கோவையில் தொடங்கப்பட்டன. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயர் இவற்றுக்குச் சூட்டப்பட்டது. 1945இல் நாயுடுவே கல்லூரி முதல்வராகப் பொறுப்பு வகித்தார்.

பொறியியல் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவரது கருத்து. வகுப்பறையை விடப் பட்டறையில் கற்றவர் அவர். இக்கருத்தை அரசு ஏற்காததால் பதவி விலகினார். அக்கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்கு மாற்றப்பட்டு, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் இயங்கி வருகிறது. அது முன்பு இருந்த பகுதி ஹோப் காலேஜ் என்றே கோவை மக்களால் அழைக்கப்படுகிறது.

கார் அருங்காட்சியகம்

1967இல் ஜி. டி. நாயுடு தொழிற்காட்சி நிறுவப்பட்டது. கருவிகளை மக்கள் நேரில் கண்டு அறிய வேண்டும் என்ற அவரது எண்ணத்தின் தொடர்ச்சியாக, ஜி. டி. கார் அருங்காட்சியகம் 2015இல் கோவை அவினாசி சாலையில் திறக்கப்பட்டது. மோட்டார் வண்டியின் வளர்ச்சியைக் காட்டும் பல நாட்டுப் பழங்கார்கள் இங்கு காட்சிக்கு உள்ளன.

பழங்கார்களின் மதிப்பு பொதுவாகச் சில கூறுகளால் அறுதியிடப்படுகிறது. எத்தனை வண்டிகள் செய்யப்பட்டன, எத்தனை எஞ்சியுள்ளன, எஞ்சின் அவ்வண்டிக்கே உரியதா, உரிமையாளர் வரலாற்றுக்குச் சான்று உண்டா என்பவை அவற்றுள் முதன்மையானவை. அமெரிக்காவின் ஆற்றல்மிக்க மசில் கார்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1971ஆம் ஆண்டின் பிளைமவுத் ஹெமி குடா திறப்புக் கூரைக் கார் ஒரு டசன் அளவிலேயே செய்யப்பட்டது. புதிதாக விற்றபோது சில ஆயிரம் டாலர் விலை பெற்ற அவ்வகைக் கார் ஒன்று, 2014இல் 35 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்தியாவில் பழமையான ஊர்திகளுக்கெனத் தனிப் பதிவு விதிகள் 2021இல் வெளியிடப்பட்டன. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்தும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் உள்ள இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் இவ்விதிகளின் கீழ் வருகின்றன. இவற்றின் பதிவெண்ணில் விஏ என்ற எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணமாகும். கண்காட்சி, பேரணி, ஆய்வு போன்றவற்றுக்கு மட்டுமே இவ்வண்டிகளைச் சாலையில் ஓட்டலாம்.

ஏலச் சந்தையில் அருமையே விலையாகிறது. நாயுடு தம் வாழ்நாளில் வண்டியை மதித்த முறை இதற்கு நேர் எதிரானது. தாம் வாங்கிய முதல் வண்டியை அதன் உட்பொறிக்காக மதித்தார். தாம் செய்த காரை எல்லோரும் வாங்கத்தக்கதாக ஆக்க முனைந்தார்.

மறைவும் நினைவும்

ஜி. டி. நாயுடு 1974 சனவரி 4 அன்று தமது 80ஆம் அகவையில் காலமானார். கோவை அவினாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்தில் அமைக்கப்பட்டு, 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.