தெருத்தெருவாய் நடந்த பேராசிரியர்



நூறு வருஷத்துக்கு முன்பு, ஒரு பழைய ஊரைச் சுகாதாரப்படுத்த அதிகாரிகளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வரைபடத்தில் நேர்கோடு கிழிப்பார்கள். கோடு போன இடத்தில் இருந்த வீடுகள் இடிபடும். வீடிழந்த ஏழைகள் அடுத்த சந்தில் போய் நெருக்கியடித்துக் குடியிருப்பார்கள். வியாதியும் கூடவே போகும். இது வைத்தியமல்ல என்று துணிந்து எழுதியவர் பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர்.

1854 இல் பிறந்த இவர் தாவர சாஸ்திரப் பேராசிரியர். 1886 இல் அன்னா மார்ட்டனை மணந்தபின், எடின்பரோ நகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பழைய கட்டடம் ஒன்றில் தம்பதிகள் குடியேறினார்கள். அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு குப்பை அள்ளி, சுவருக்கு வெள்ளையடித்தார்கள்.

சென்னைக் கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு அழைத்ததன்பேரில் 1914 இல் இந்தியா வந்தார். அவருடைய கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. ஆம், சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான்! நண்பர்கள் வேறு படங்கள் சேர்த்துக் கொடுக்க, 1915 இல் சென்னையில் கண்காட்சி நடந்தேறியது.

அவ்வருஷமே மதுரை, தஞ்சாவூர் முதலிய நகரங்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். வைத்தியத்துக்கும் சாமான் வாங்கவும் நாம் போய்வருகிற மதுரைதான். அலுவலகத்தில் உட்கார்ந்து வரையாமல், சந்து சந்தாய்க் கால்நடையாகவே சுற்றினார். முற்றிலும் கெட்டுப்போன சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சிறு திறந்தவெளியாக்கி மரம் நட்டால் போதும் என்பது அவர் கட்சி. கையையே வெட்டாமல் புண்ணை மட்டும் அறுக்கிற வைத்தியம் அது.

1917 அவருக்குக் கொடிய வருஷம். ஏப்ரலில் மகன் பிரான்சு யுத்தகளத்தில் மாண்டான். கல்கத்தாவில் நோயாய்க் கிடந்த அன்னாவிடம் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஜூனில் அவளும் இறந்தாள்.

அந்தத் துக்கத்தோடுதான் இந்தூருக்குப் போனார். அங்கே பிளேக் பரவிய காலம். படமும் கையுமாய் வந்த வெள்ளைத் தாடிக்காரரைக் கண்டு, இவர்தான் கொள்ளைநோயைக் கொண்டுவருகிறவர் என்று ஜனங்கள் ஒதுங்கினார்கள். வீட்டை இடிக்கப் போகிறார் என்ற பயம் அவர்களுக்கு. கெடிஸ் கோபிக்கவில்லை. தீபாவளி ஊர்வலம் எந்தத் தெருக்களில் வீடுகள் நன்றாய்த் துப்புரவாகிப் பழுதுபார்க்கப்பட்டிருக்குமோ அந்த வழியாகத்தான் போகும் என்று அறிவிக்கச் செய்தார். அவ்வளவுதான்! ஊரே துடைப்பத்தைக் கையிலெடுத்தது. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனும் பெரிய எலியும் உருவங்களாய் வந்தன. முடிவில் அவற்றைக் கொளுத்தினார்கள். புத்தாடையும் மாலையும் அணிந்து ஊர்வலத்தில் நடந்தவர்கள் யார் தெரியுமா? தெருக்கூட்டும் தொழிலாளர்கள்! ஜாதி பார்த்து அவர்களைத் தள்ளிவைத்த காலத்தில் நடந்த காரியம் இது.

கெடிஸிடம் குறையும் உண்டு. தாடிக்குள்ளேயே முணுமுணுப்பார், பேச்சு பாதி புரியாது. அவருடைய யோசனைகளில் பல நிறைவேறவேயில்லை. 1919 முதல் 1924 வரை பம்பாய்ச் சர்வகலாசாலையில் சமூக சாஸ்திரப் பேராசிரியராயிருந்து, 1932 இல் பிரான்சில் மோன்ட்பெலியே நகரில் காலமானார்.