பதினாறு வயசுப் பசங்களை நம்பிய மனிதர்! மேட் பஸ்பியின் கதை

சனிக்கிழமை ராத்திரி. போன்ல பிரீமியர் லீக் மேட்ச் ஓடிட்டிருக்கு. எழுபதாவது நிமிஷம் சப்ஸ்டிட்யூட்டா ஒரு பையன் உள்ளே வர்றான். மீசைகூட சரியா முளைக்கலை. பேரும் புதுசா இருக்கு. உடனே கூகுள் பண்ணிப் பார்க்கிறீங்க. வயசு 17, அகாடமி பிளேயர்னு வருது. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கின ஸ்டார்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, இந்தப் பொடியனை நம்பி எப்படி இறக்கிவிடுறாங்கன்னு உங்களுக்கு ஆச்சர்யமா இருக்கலாம்.

அந்த தைரியத்துக்கு ஒரு பழைய கதை இருக்கு. அதில் கோப்பைகள் இருக்கு, கொண்டாட்டம் இருக்கு. எட்டு இளைஞர்களின் மரணமும் இருக்கு. மான்செஸ்டர் யுனைடெட்டின் மேனேஜரா இருந்த மேட் பஸ்பியின் கதைதான் அது.

சுரங்கத்துப் பையன்

1909 மே 26. ஸ்காட்லாந்தில் பெல்ஸ்ஹில் பக்கத்தில் இருக்கும் ஆர்பிஸ்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் பிறந்தார் பஸ்பி. அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. முதல் உலகப் போருக்குப் போன அவர், 1917-ல் பிரான்ஸின் அர்ராஸ் போர்முனையில் குண்டடி பட்டு இறந்துபோனார். அப்போது பஸ்பிக்கு வயது ஏழு.

அந்த ஊரில் பிறந்த பையனுக்கு இரண்டே வழிதான். ஒண்ணு சுரங்கம், இன்னொண்ணு கால்பந்து. பஸ்பி சுரங்கத்திலும் இறங்கி வேலை பார்த்தார். இந்த வாழ்க்கையே வேண்டாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போய்விடலாம் என்று அவர் அம்மா ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான், 1928-ல், மான்செஸ்டர் சிட்டியில் இருந்து அழைப்பு வந்தது. வாரத்துக்கு 5 பவுண்டு சம்பளம், ஒரு வருட ஒப்பந்தம்.

ஆமாம், சரியாத்தான் படிச்சீங்க. யுனைடெட்டின் மிகப்பெரிய மேனேஜர், ஆட்டக்காரராகத் தொடங்கியது பரம எதிரியான சிட்டியில்!

அங்கே போனதும் எல்லாம் நல்லபடியா நடந்துவிடவில்லை. புது ஊர், தனிமை, ஆட்டமும் கைகூடவில்லை. ஊருக்கே திரும்பிவிடலாம் என்ற அளவுக்கு மனம் உடைந்துபோனார். 1930-ல் பக்கத்து கிளப்பான யுனைடெட் அவரை வாங்க விசாரித்தது. சிட்டி கேட்டது 150 பவுண்டு. அதைக் கொடுக்கக்கூட அன்றைய யுனைடெட்டிடம் பணம் இல்லை!

பிறகு, முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவர் நடுக்களத்தில் 'ஹாஃப் பேக்' இடத்துக்கு மாறினார். அங்கேதான் அவர் ஆட்டம் பிடிபட்டது. 1934-ல் சிட்டியோடு எஃப்.ஏ. கோப்பை ஜெயித்தார். 1936-ல் லிவர்பூலுக்குப் போனார்.

அந்த ஆரம்ப கால வருடங்களை மட்டும் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க. திறமை இருந்தும் தவறான இடத்தில் ஆடவைக்கப்பட்டு, ஆறுதல் சொல்லவும் யாரும் இல்லாமல் வாடிப்போகும் பையன் எப்படி இருப்பான் என்று பஸ்பிக்கு நன்றாகத் தெரியும். அவரே அப்படிப்பட்ட பையன்தான்.

மைதானமே இல்லாத கிளப்

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல் யுனைடெட்டின் பொறுப்பை ஏற்றார் பஸ்பி. வயது 36. லிவர்பூலிலும் அவருக்குப் பயிற்சியாளர் வேலை காத்திருந்தது. ஆனால் அவருக்கு வேண்டியது வேலை மட்டுமல்ல, அதிகாரமும். அந்தக் காலத்தில் பல கிளப்களில் யார் ஆடுவது என்பதை இயக்குநர்கள் முடிவு செய்வார்கள். மேனேஜர் ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். பஸ்பியோ, அணியைத் தேர்வு செய்வதும், ஆளை வாங்குவதும் விற்பதும் தன் கையில் இருக்க வேண்டும் என்றார். மூன்று வருட ஒப்பந்தம் போதாது, ஐந்து வருடம் வேண்டும் என்றும் கேட்டு வாங்கினார்.

ஏன் ஐந்து? அவர் செய்ய நினைத்த வேலைக்கு அவ்வளவு காலம் தேவை. நாற்று விட்ட மறுநாளே யாராவது அறுவடைக்கு அரிவாள் எடுப்பாங்களா?

ஜெர்மன் விமானங்கள் 1941-ல் குண்டு வீசியதில் ஓல்டு டிராஃபோர்டு மைதானம் நொறுங்கிக் கிடந்தது. 1949 வரை சிட்டியின் மெயின் ரோடு மைதானத்தில் வாடகைக்குத்தான் யுனைடெட் ஆடியது. அந்த நிலையிலும் 1948-ல் எஃப்.ஏ. கோப்பை ஜெயித்தார்கள். பிறகு 1952-ல் லீக் பட்டமும் ஜெயித்தார்கள். 1911-க்குப் பிறகு யுனைடெட் வென்ற முதல் லீக் பட்டம் அது.

ஜெயித்த அணியை யாராவது கலைப்பார்களா? பஸ்பி கலைத்தார். போர்க்காலத்து வீரர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பதிலாகப் பெரிய பெயர்களை வாங்கிக் குவிக்காமல், பின்னால் வளர்த்துக்கொண்டிருந்த பசங்களை ஒவ்வொருவராக உள்ளே கொண்டுவந்தார்.

நாற்றங்கால் எப்படி இயங்கியது?

இளம் வீரர்களை வளர்க்கும் யோசனையை யுனைடெட்டில் தொடங்கியவர் பஸ்பி இல்லை. கிளப் தலைவர் ஜேம்ஸ் கிப்சனும் செயலாளர் வால்டர் கிரிக்மரும் சேர்ந்து 1938-லேயே ஒரு இளையோர் அணியைத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பெரிய அணிக்கு ஆள் அனுப்பும் முக்கிய வழியாக மாற்றியதுதான் பஸ்பியின் வேலை.

இதை அவர் தனியாகச் செய்யவில்லை. திறமையைத் தேடி ஊர் ஊராக அலைய ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் இருந்தார். பயிற்சி கொடுக்க பெர்ட் வேலி இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே வலது கையாக ஜிம்மி மர்ஃபி. போரின் கடைசி நாள்களில் இத்தாலியில் ராணுவ வீரர்களுக்குக் கால்பந்து பற்றி மர்ஃபி பேசுவதைப் பார்த்துத்தான், இவர்தான் என் ஆள் என்று பஸ்பி முடிவு செய்தார்.

ஒரு 15 வயசுப் பையனைக் கொடுங்கன்னு கேட்டா, எந்த அம்மா அப்பாவும் உடனே தலையாட்டிட மாட்டாங்க இல்லையா? அதனால் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசினார்கள். வெளியூர்ப் பசங்களை மைதானத்துக்குப் பக்கத்தில் நம்பகமான வீடுகளில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். கால்பந்து கைவிட்டால் பிழைக்க வேண்டுமே என்று பலர் கூடவே ஒரு தொழிலும் கற்றார்கள். டங்கன் எட்வர்ட்ஸ் தச்சு வேலைக்குப் பயிற்சிக்குப் போனார். பாபி சார்ல்டன் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் பயிற்சியில் சேர்ந்தார்.

மைதானத்தில் பஸ்பி கோட் சூட்டோடு நிற்கும் மேனேஜர் இல்லை. டிராக் சூட் போட்டுக்கொண்டு பசங்களோடு பயிற்சியில் இறங்குவார். இளையோர் அணியும் ரிசர்வ் அணியும் பெரிய அணி ஆடும் அதே பாணியில் ஆடின. மேலே வரும் பையன் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

பலன்? இளையோருக்கான எஃப்.ஏ. யூத் கோப்பை 1953-ல் முதன்முதலாக வழங்கப்பட்டது. அதில் தொடங்கி 1957 வரை ஐந்து வருடமும் கோப்பை யுனைடெட்டுக்கே! 1953 ஏப்ரலில் டங்கன் எட்வர்ட்ஸ் முதல் டிவிஷன் போட்டியில் களமிறங்கினார். வயது 16. இரண்டே வருடத்தில் இங்கிலாந்து அணிக்கும் ஆடிவிட்டார்.

1956-ல் யுனைடெட் லீக் பட்டம் வென்றபோது அணியின் சராசரி வயது சுமார் 22. அடுத்த வருடமும் அவர்களே சாம்பியன். பத்திரிகைகள் அவர்களுக்கு 'பஸ்பி பேப்ஸ்', அதாவது பஸ்பியின் குழந்தைகள் என்று பெயர் வைத்தன. பஸ்பிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. பசங்களைக் குழந்தைகளாக அவர் நினைக்கவில்லை, ஆட்டக்காரர்களாகத்தான் நினைத்தார்.

வாங்கவே மாட்டார் என்றும் இல்லை. 1953-ல் பார்ன்ஸ்லி கிளப்பில் இருந்து டாமி டெய்லரை வாங்கினார். விலை 29,999 பவுண்டு. ஏன் அந்த ஒரு பவுண்டு குறைவு? 30,000 பவுண்டு ஆட்டக்காரன் என்ற சுமை 21 வயது இளைஞனின் தலையில் ஏறக் கூடாது என்பதற்காக. மிச்சமான ஒரு பவுண்டை அங்கே டீ கொடுத்த அம்மாவிடம் பஸ்பி கொடுத்துவிட்டார் என்று இன்றும் சொல்வார்கள்.

மியூனிக்

ஐரோப்பிய கோப்பை அப்போதுதான் தொடங்கியிருந்தது. இங்கிலீஷ் அணிகள் அதில் ஆடுவது லீக் நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. 1955-ல் செல்சியை ஆடவிடாமல் செய்தார்கள். 1956-ல் அதே அறிவுரையை மீறிப் போனார் பஸ்பி. இந்தப் பசங்க ஐரோப்பாவின் பெரிய அணிகளோடு மோதணும் என்பது அவரோட கனவு.

1958 பிப்ரவரி 5. பெல்கிரேடில் ரெட் ஸ்டாருடன் 3-3 டிரா செய்து அரையிறுதிக்குத் தகுதி பெற்றார்கள். மறுநாள் தனி விமானத்தில் ஊர் திரும்பினார்கள். சனிக்கிழமை லீக் போட்டி இருந்ததால் தாமதிக்க முடியாது. எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கினார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. விமானம் இரண்டு முறை கிளம்ப முயன்று நின்றது. மூன்றாவது முறை, ஓடுபாதையில் தேங்கியிருந்த பனிச்சேற்றில் வேகம் குறைந்து, மேலே எழும்பாமல் ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோதியது.

விமானத்தில் இருந்த 44 பேரில் 23 பேர் இறந்தார்கள். அதில் எட்டுப் பேர் யுனைடெட் வீரர்கள். ரோஜர் பைர்ன், டாமி டெய்லர், எடி கோல்மன், மார்க் ஜோன்ஸ், டேவிட் பெக், பில்லி வீலன், ஜெஃப் பென்ட்... 15 நாள் போராடி பிப்ரவரி 21-ல் டங்கன் எட்வர்ட்ஸும் போய்விட்டார். அவருக்கு வயது 21. இளையோர் அணியைத் தொடங்கிய வால்டர் கிரிக்மரும், பயிற்சி கொடுத்த பெர்ட் வேலியும் அந்த விமானத்தில்தான் இறந்தார்கள்.

பஸ்பியும் பிழைக்க மாட்டார் என்றுதான் நினைத்தார்கள். கத்தோலிக்க வழக்கப்படி மரணத் தறுவாயில் செய்யும் இறுதிச் சடங்கை அவருக்கு இரண்டு முறை செய்தார்கள். ஆனால் பிழைத்தார். யார் யார் இறந்தார்கள் என்பதை முதலில் அவரிடம் மறைத்திருந்தார்கள். பிறகு அவர் ஒவ்வொரு பெயராகக் கேட்க, மனைவி ஜீன் தலையசைத்தே பதில் சொன்னார்.

அந்தப் பெயர்களெல்லாம் அவருக்கு வெறும் ஆட்டக்காரர்கள் இல்லை. பலரை அவரவர் வீட்டிலிருந்து பொறுப்பேற்றுக் கூட்டி வந்தவர் அவர். ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போனது நான்தானே என்ற குற்ற உணர்வு அவரைத் தின்றது. இனி கால்பந்தே வேண்டாம் என்றிருந்தவரை மீண்டும் மைதானத்துக்குப் போகவைத்தது ஜீன்தான். இறந்த பசங்களுக்காகவாவது தொடர வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

மறுபடியும் முதல்ல இருந்து

விபத்து நடந்த அன்று, வேல்ஸ் தேசிய அணியின் வேலையாக கார்டிஃபில் இருந்ததால் ஜிம்மி மர்ஃபி தப்பியிருந்தார். பஸ்பி ஆஸ்பத்திரியில் கிடக்க, 13 நாளில் ஒரு அணியைத் திரட்டினார் மர்ஃபி. பிப்ரவரி 19-ல் ஷெஃபீல்டு வெட்னஸ்டேயுடன் எஃப்.ஏ. கோப்பைப் போட்டி. யார் ஆடுவார்கள் என்று தெரியாததால், ரசிகர்களுக்கு விற்கும் புரோகிராம் புத்தகத்தில் யுனைடெட்டின் 11 பெயர்களுக்கான இடம் காலியாகவே அச்சானது. யுனைடெட் 3-0 என ஜெயித்தது. முதல் முறையாகப் பெரிய அணிக்கு ஆடிய ஷே பிரென்னன் இரண்டு கோல், 17 வயது அலெக்ஸ் டாசன் ஒரு கோல். இருவருமே நாற்றங்காலில் இருந்து வந்தவர்கள்.

பஸ்பி திரும்பி வந்ததும் பழைய வேலையையே மறுபடி ஆரம்பித்தார். 1962-ல் டெனிஸ் லாவை 1,15,000 பவுண்டுக்கு வாங்கினார். ஆனால் பசங்களைத் தேடுவதையும் நிறுத்தவில்லை. 1961-ல் பெல்ஃபாஸ்ட்டில் இருந்து ஒல்லியாக ஒரு 15 வயசுப் பையன் வந்தான். வந்த வேகத்தில், வீட்டு ஞாபகம் தாங்காமல் ஊருக்கு ஓடிவிட்டான். பஸ்பி அவன் அப்பாவிடம் பேசி, பையன் மறுபடி வந்தான். அவன்தான் ஜார்ஜ் பெஸ்ட்!

1968 மே 29. விபத்து நடந்து பத்து வருடம். வெம்ப்ளியில் ஐரோப்பிய கோப்பை இறுதிப்போட்டி. பென்ஃபிகாவை 4-1 என வென்றது யுனைடெட். கோல் அடித்தவர்கள் யார் தெரியுமா? பாபி சார்ல்டன் இரண்டு, ஜார்ஜ் பெஸ்ட் ஒண்ணு, அன்று 19-வது பிறந்தநாள் கொண்டாடிய பிரையன் கிட் ஒண்ணு. நான்கு கோலும் கிளப் வளர்த்த பசங்க அடித்தது. சார்ல்டனும் பில் ஃபோக்ஸும் மியூனிக் விமானத்தில் இருந்து உயிர் பிழைத்தவர்கள். காலி இடங்களோடு அச்சான அந்த மேட்சில் இரண்டு கோல் அடித்த ஷே பிரென்னனும் அன்று களத்தில் இருந்தார். அந்த வருடமே பஸ்பிக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

முடியாமல் போனது

எல்லாரையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் சொல்லணும். புகழும் குடியும் ஜார்ஜ் பெஸ்ட்டை இழுத்துக்கொண்டு போயின. பஸ்பி கண்டித்தார், மன்னித்தார், மறுபடி கண்டித்தார். 27 வயதில் யுனைடெட்டை விட்டு வெளியேறினார் பெஸ்ட். 1969-ல் பஸ்பி மேனேஜர் பதவியில் இருந்து விலகியதும் கிளப் தடுமாறியது. 1974-ல் இரண்டாம் டிவிஷனுக்கே இறங்கியது.

1994 ஜனவரி 20-ல், 84-வது வயதில் பஸ்பி இறந்தார். இரண்டு நாள் கழித்து ஓல்டு டிராஃபோர்டில் எவர்ட்டனுடன் போட்டி. ஒற்றை பேக்பைப் இசையோடு அணிகள் உள்ளே வர, மைதானமே மௌனமாக நின்றது. யுனைடெட் 1-0 என ஜெயித்தது. அந்த ஒரு கோலை அடித்தது கிளப்பின் இளையோர் அணியில் இருந்து வந்த, 20 வயது ரயன் கிக்ஸ்.

1937 அக்டோபரில் தொடங்கி நாலாயிரம் போட்டிகளுக்கும் மேலாக, தான் வளர்த்த ஒரு வீரராவது இல்லாமல் யுனைடெட் களமிறங்கியதே இல்லை. அந்த வரிசை போரில் அறுந்திருக்கலாம், 1958 பிப்ரவரியில் அறுந்திருக்கலாம். அறாமல் போனதற்குக் காரணம், நொறுங்கிப்போன ஒரு மனிதர் மறுபடியும் 15 வயசுப் பசங்களைத் தேட ஆரம்பித்ததுதான்.

அடுத்த தடவை மேட்ச் பார்க்கும்போது தெரியாத பேரோட ஒரு பொடியன் உள்ளே வந்தா, முதல் பாஸைத் தப்பா கொடுத்தாலும் உடனே மீம் போட்டுடாதீங்க. ஒரு வீடு நம்பி அனுப்பிவைத்த பிள்ளை அவன். அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பேற்று யாரோ ஒருத்தர் டச்லைன் ஓரமா நின்னுட்டிருப்பார்.