கை முடங்கிய ஓவியர்

பிரான்சு தேசத்து ஓவியர் ரெனுவாரின் படங்களில் அழுத முகத்தைக் காண்பது அபூர்வம். பூக்களும், சிரிக்கும் பெண்களும், கொழுகொழுக் குழந்தைகளுமே அதிகம். அவற்றில் பலவற்றை வரைந்தது, தானாகத் தூரிகையைக்கூட எடுக்க முடியாத கை!

1841-ல் லிமோஜ் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே பீங்கான் தட்டுகளில் பூ எழுதும் வேலை. 1874-ல் மோனே முதலிய நண்பர்களோடு பாரிஸில் கண்காட்சி நடத்தினார். புகழ் வந்தது, பணமும் வந்தது.

கூடவே நோயும் வந்தது. ஐம்பது வயதுக்குமேல் மூட்டுகள் வீங்கின. 1897-ல் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கை முறிந்தது. அதன்பின் வலி முற்றியது.

அவருக்கு வந்தது முடக்குவாதம். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. வீங்கிய சவ்வு எலும்பை அரிக்கிறது. வயதானவர்களுக்கு முழங்கால் தேய்வது வேறு, இது வேறு. நம் வீடுகளில் இரண்டையும் 'வாதம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம்!

அந்தக் கால வைத்தியத்தில் வெந்நீர் ஊற்றும் பேதி மருந்தும் இருந்தன. கார்ட்டிசோன் ஊசியை இந்நோய்க்கு முதன்முதலில் போட்டுப் பார்த்ததே 1948-ல்தான்.

வெயிலை நாடித் தெற்கே, கடலோரத்தில் ஒரு ஒலிவத் தோப்பை 1907-ல் வாங்கினார். சில ஆண்டுகளில் சக்கர நாற்காலி வந்து சேர்ந்தது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிவிட்டன. நகம் குத்தாமலிருக்கத் துணி சுற்றுவார்கள். விரலிடுக்கில் தூரிகையைச் செருகுவார்கள். தூரிகையைக் கையோடு கட்டிக்கொண்டார் என்பது கதை.

ஒரு டாக்டர் அவரை எப்படியும் நடக்கவைப்பதாகச் சொன்னார். சில வாரச் சிகிச்சைக்குப்பின் எழுப்பி நிறுத்தினார். ரெனுவார் தள்ளாடித் தள்ளாடிச் சில அடிகள் நடந்தார். சுற்றியிருந்தவர்களுக்கு ஆனந்தம். அவரோ திரும்பிவந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நடக்க மனவலிமை முழுவதையும் செலவிட்டால், வரைய மிச்சமிராது என்று விளக்கினார். பிறகு அவர் நடக்கவே இல்லை.

பெரிய படம் வரைய, துணியை உருளைகளில் சுற்றி, வேண்டிய பகுதியைத் தம் முன்னே கொண்டுவரச் செய்தார். கினோ என்ற இளம் சிற்பியின் கைகளைக்கொண்டு சிலைகளும் செய்தார்.

1914-ல் மூண்ட போரில் இரு மகன்கள் காயமடைந்தனர். 1915-ல் மனைவி இறந்தார். (காயம்பட்டவர்களில் ஒருவரான ழான், பின்னாளில் வங்காளம் வந்து 'நதி' என்ற படத்தை எடுத்த டைரக்டர்.)

1919-ல் லூவர் மியூசியத்துக்கு அவரை நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள். அங்கே தாம் வரைந்த படமும் மாட்டப்பட்டிருந்ததைக் கண்டார். அந்த டிசம்பர் 3-ந் தேதி காலமானார். வயது 78.

கடைசிக் காலத்தில் வரைந்த 'குளிக்கும் பெண்கள்' படத்தை மகன்கள் 1923-ல் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். பாரிஸ் ஓர்சே மியூசியத்தில் அதைப் பார்க்கலாம்.