எல்லை காத்த ம. பொ. சிவஞானம்

1906-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் சென்னையில் எளிய குடியொன்றிற் பிறந்த ம. பொ. சிவஞானம், வறுமையினால் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கினார். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவாறே நூலறிவு பெற்று, விடுதலைப் போரிற் சிறை புகுந்து, 1946-இல் தமிழரசுக் கழகத்தை நிறுவினார்.

1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிக்கப்படுங்கால், சித்தூர் ஜில்லாவிலிருந்த திருத்தணியும் அதனுடன் செல்வதாயிற்று. சென்னை நகர் தமிழருக்கே உரியதென நகராண்மைக் கழகம் தீர்மானிக்க உழைத்த அவர், திருத்தணிக்காகவும் மங்கலங்கிழார் முதலியோரோடு கூடிக் கிளர்ச்சி நடாத்திச் சிறை சென்றார். நகரசபை தீர்மானிக்கலாம், சட்டசபை கருத்துரைக்கலாம், எல்லையை மாற்றும் அதிகாரமோ, அரசியற் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி பாராளுமன்றத்துக்கே உண்டு. ஆதலின் படாஸ்கரின் மத்தியஸ்தத்தை இரு ராஜ்யங்களும் ஏற்ற பின்னர், 1959-இல் பாராளுமன்றம் சட்டமியற்றிற்று. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை ராஜ்யத்தை எய்தியது. அதற்கீடாக, கும்மிடிப்பூண்டிக்கு மேற்கேயுள்ள சத்தியவேடு உட்பட, திருவள்ளூர், பொன்னேரித் தாலுகாக்களின் கிராமங்கள் சில ஆந்திரம் புகுந்தன. ஓரூரின் மகிழ்ச்சி மற்றோரூரின் பிரிவாயிற்று. அவர் விழைந்த திருப்பதியும் கிட்டிற்றில்லை.

பின்னாளில் மேலவைத் தலைவராய் விளங்கிய அப்பெரியார், 1995 அக்டோபர் 3 அன்று மறைந்தார். 1997-இல் அமைந்த திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணியும் அடங்கிற்று.

மாணவ நண்பர்காள்! தேசப்படத்தில் நாம் காணும் கோடு, இறுதியில் தில்லியில் வரையப்பட்டதாயினும், அதனை முதலிற் கேட்டது ஊராரின் குரலே என்பதை இவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.