சிரிக்க வைத்தவர் ஏன் தானே பாடினார்? சந்திரபாபுவின் கதை

திரேஸ்புரம், பனிமய மாதா பேராலயம் என்று நீளும் தூத்துக்குடிக் கடற்கரை மீனுக்கும் முத்துக்கும் பேர் போனது. தமிழ் சினிமாவுக்கு அந்த ஊர் கொடுத்த குரல் ஜே.பி.சந்திரபாபு. நகைச்சுவை நடிகர் என்றுதான் பலருக்கும் தெரியும். ஆனா, படமே மறந்துபோன பிறகும் அவர் பாட்டு மட்டும் நிக்குதே, அது எப்படி?

பெயரிலேயே மாதா

1927-ல் பரதவர் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் பிச்சை. கூடவே பனிமயதாசன், அதாவது பனிமய மாதாவின் அடியான் என்ற பெயரும் உண்டு. அப்பா சுதந்திரப் போராட்டக்காரர். குடும்பம் இலங்கைக்குப் போனதால் சந்திரபாபு படித்தது கொழும்பில். பிறகு சென்னை வந்தார்.

1947-ல் ‘தன அமராவதி’யில் தலைகாட்டினாலும் வாய்ப்பு வரிசைகட்டி வரவில்லை. விரக்தியில் 1952-ல் உயிரை விடவே துணிந்தார், காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டு ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் நடித்தார்.

அப்படி என்ன புதுசு?

யோடலிங். நெஞ்சிலிருந்து வரும் கனமான குரலையும் மெல்லிய உச்சக் குரலையும் சட்சட்டென்று மாற்றிப் பாடுவது. ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடப் பயன்படுத்திய முறை இது. அதைத் தமிழ்ப் பாட்டுக்குள் பொருத்தியவர் இவர்.

பின்னணிப் பாடகர்கள் கோலோச்சிய காலத்தில் தன் பாட்டைத் தானே பாடினார். உடம்பு துள்ளும் இடத்தில் குரலும் துள்ளியது. இரண்டும் ஒரே ஆளுடையது என்பதுதான் ரகசியம். ‘பெண்’ (1954) படத்தில் வீணை எஸ்.பாலசந்தருக்கும் குரல் கொடுத்தார்.

‘சபாஷ் மீனா’வில் (1958) சிவாஜியோடு இரட்டை வேடம். அதில் ஒருவர் மெட்ராஸ் பாஷை பேசும் ரிக்‌ஷாக்காரர். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர், சென்னைத் தெருப் பேச்சைத் தமிழ்நாடு முழுக்க ரசிக்க வைத்தாரு! ‘சகோதரி’ (1959) எடுத்து முடிந்த பிறகு, படத்தைத் தூக்கி நிறுத்த அவருடைய நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். அதில் தன்னையே முட்டாள் என்று சொல்லிப் பாடியது இன்றும் ஒலிக்கிறது.

சரிவு எங்கே?

கண்ணதாசன் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) படத்தில் கதாநாயகன் ஆனார். படம் ஓடவில்லை. ஆனால் விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் பிறப்பையும் அழுகையையும் பற்றி அவர் பாடிய பாட்டு தங்கிவிட்டது. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றது. அவரே இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) கைகொடுக்கவில்லை. திருமண வாழ்வும் நிலைக்கவில்லை. கடன், குடி இரண்டும் சேர்ந்துகொண்டன. 1974 மார்ச் 8-ல் இறந்தபோது வயது 46.

இப்போதும் ஏன் கேட்கிறோம்?

சிரிப்புப் பாட்டு என்றால் கிண்டலும் கூத்தும்தான் என்று இருந்த இடத்தில், அவர் துக்கத்தையும் சேர்த்து வைத்தார். ‘அன்னை’ (1962) படத்தில் புத்தியையும் வெற்றியையும் பற்றி அவர் பாடுவதைக் கேளுங்க. மெட்டு துள்ளும், வார்த்தை வலிக்கும். நடிப்பைப் பார்க்கத் திரை வேணும். அந்த வலியைக் கேட்கக் குரல் மட்டும் போதும்.