கரிப் புகையில் பஸ் ஓடிய காலம்
டி.வி.சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கை

மயிலாப்பூர் மாட வீதி. காலை நேரம். பூக்கூடையும் காய்கறி வண்டியுமாக ஒரே நெரிசல். நடு வீதியில் ஒரு கார் திணறித் திணறி நின்றுவிடுகிறது.

காருக்கு என்ன கோளாறு? ஒன்றும் உடையவில்லை. முதல் நாள்தான் அதில் புதிய காற்று வடிகட்டியும் பெரிய புகைக் குழாயும் பொருத்தினார்கள். வேகம் கூடும் என்று எண்ணினார்கள். ஆனால், எஞ்சின் இருமுகிறது!

மெக்கானிக் வருகிறார். எஞ்சினை அணைத்துவிட்டு, பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றுகிறார். சிறிது நேரம் பொறுத்து மறுபடியும் மாட்டுகிறார். கார் கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக ஓடத் தொடங்குகிறது.

இது மாயமா? இல்லை. இன்றைய கார்களின் எஞ்சினை ஒரு சிறு கம்ப்யூட்டர் ஆட்டி வைக்கிறது. அது பழைய எஞ்சினுக்குப் போட்டு வைத்திருந்த கணக்கை மெக்கானிக் அழித்தார். புதிய கணக்கை அது கற்றுக்கொண்டது. அவ்வளவுதான்.

எஞ்சினை மாற்றினால், அதன் கணக்கையும் மாற்ற வேண்டும். மோட்டார் தொழிலின் பால பாடம் இது. கம்ப்யூட்டர் என்ற சொல்லே நம் நாட்டார் காதில் விழாத காலத்தில், இந்தப் பாடத்தைக் கொண்டு பஸ்களை ஓட வைத்தது மதுரையில் ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனியை உண்டாக்கியவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரர்.

வக்கீல் வேலை பிடிக்கவில்லை

நெல்லைச் சீமையில் திருக்குறுங்குடி என்று ஓர் ஊர். பெருமாள் கோவிலால் பேர் பெற்றது. அங்கே 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி சுந்தரம் பிறந்தார்.

மகன் வக்கீலாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. அந்த நாளில் சென்னையில் மயிலாப்பூர் என்றாலே பெரிய பெரிய வக்கீல்களின் பங்களாக்கள்தான் நினைவுக்கு வரும். வக்கீல் தொழிலுக்கு அவ்வளவு மதிப்பு. சுந்தரமும் தந்தை சொல்லைத் தட்டாமல் வக்கீல் ஆனார். ஆனால், மனம் ஒட்டவில்லை. ரெயில்வே வேலைக்குப் போனார். பிறகு பாங்கி வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் வந்தது. மனநிறைவு வரவில்லை.

முப்பது வயதைத் தாண்டிய பிறகு, நல்ல வேலையை உதறிவிட்டுச் சொந்தத் தொழில் செய்யத் துணிந்தார். 1911-ல் கம்பெனியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அவருடைய பஸ் சாலையில் ஓடியது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஆண்ட சாலைகள் அவை.

பஸ்சைப் பார்த்துக் கடிகாரம்

பிற்காலத்தில் மதுரை அவருடைய தலைமை இடம் ஆயிற்று. பஸ்கள் பெருகின. அவர் பஸ்களுக்கு ஒரு பெயர் உண்டு. சொன்ன நேரத்தில் புறப்படும். சொன்ன நேரத்தில் போய்ச் சேரும். டி.வி.எஸ். பஸ்சைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைத் திருத்திக் கொள்வார்கள் என்பது மதுரைப் பக்கத்தில் இன்றும் வழங்கும் பேச்சு.

நேரம் தவறாமல் ஓட வேண்டுமானால், வழியில் வண்டி பழுதாகக் கூடாது. அதனால் பட்டறை வேலையில் கண்ணும் கருத்துமாக இருந்தார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் தொழிலையும் தொடங்கினார். கார், லாரி விற்பனையிலும் இறங்கினார். அவருடைய சுந்தரம் மோட்டார்ஸ் கம்பெனி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றது.

பெட்ரோல் இல்லை!

1939-ல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. கப்பலும் விமானமும் ராணுவ லாரியும் எண்ணெயைக் குடித்தன. 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது.

1942-ல் நிலைமை இன்னும் மோசம் ஆயிற்று. நமக்கு எண்ணெய் அனுப்பிய பர்மா, ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பயத்தில் சென்னை மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். டிராம் வண்டிக்குக் கவலை இல்லை. அது மின்சாரத்தில் ஓடியது. காரும் பஸ்சும் என்ன செய்யும்?

பஸ் நின்றால் முதலாளிக்கு மட்டுமா நஷ்டம்? ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, சந்தைக்குப் போகும் குடியானவர், வேலைக்குப் போகும் தொழிலாளி எல்லோரும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அப்போது சுந்தரம் ஐயங்காருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய கம்பெனி பஸ்களை நிறுத்தவில்லை. பெட்ரோலுக்குப் பதில் கரியைக் கொண்டு வண்டி ஓட்டும் கருவியைச் சொந்தமாகச் செய்தது. அதுதான் டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்.

கரியில் எப்படி ஓடும்?

இரும்பு உருளை ஒன்றை வண்டியோடு பொருத்துவார்கள். அதில் அடுப்புக் கரியைக் கொட்டி நெருப்பு மூட்டுவார்கள். காற்றை அளவாகவே உள்ளே விடுவார்கள். காற்றுக் குறைந்தால் கரி முழுவதும் எரியாது. அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். இது எரியக்கூடியது. இதைக் குளிர வைத்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, எஞ்சினுக்குள் விடுவார்கள்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால், பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சினுக்கு இது புதுச் சாப்பாடு. பழைய கணக்கு இதற்கு ஒத்து வராது.

பெட்ரோல் ஆவிக்குக் காற்று மிக அதிகம் வேண்டும். கரி வாயுவுக்கோ ஏறக்குறைய சம பங்கு காற்றே போதும். ஆகவே, காற்றுக் கலக்கும் அளவை மாற்ற வேண்டும்.

கரி வாயு மெதுவாக எரியும். ஆகவே, எஞ்சினுக்குள் தீப்பொறி முன்னதாகவே விழ வேண்டும். பொறி விழும் நேரத்தை முன்னால் தள்ளி வைக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் வண்டி இழுக்காது. மறுபடி பெட்ரோல் போடும்போது பொறியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் தட்டும், சூடேறிக் கெடும்.

இத்தனையும் செய்தாலும் எஞ்சினின் பலம் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கு மேலோ குறைந்துவிடும். மேட்டில் வண்டி ஊர்ந்துதான் ஏறும். புறப்படும் முன் நெருப்பை ஊதிப் பற்ற வைக்க நேரம் ஆகும். தினசரி சாம்பலை அள்ள வேண்டும். ஆபத்தும் உண்டு. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகையில் அதைச் சுவாசித்தால் உயிருக்கே உலை!

இன்று கம்ப்யூட்டர் செய்யும் வேலையை அன்று மெக்கானிக்கின் காதும் கையும் செய்தன. சத்தத்தைக் கேட்டுத் திருகாணியைத் திருப்புவார். ஓட்டிப் பார்த்து மறுபடியும் திருப்புவார். எஞ்சின் புதுப் பழக்கத்துக்கு வரும் வரை விடமாட்டார்.

மகளின் புது வாழ்வு

சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அந்த நாளில் அப்படிப்பட்ட பெண்களின் வாழ்வு வீட்டு மூலையோடு முடிந்துவிடும். சௌந்தரம் முடங்கவில்லை. பெற்றோர் ஊக்கம் தந்தனர். டெல்லிக்குப் போய்ப் படித்து 1936-ல் டாக்டர் ஆனார். பிறகு கணவர் ஜி.ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1947-ல் காந்திகிராமத்தை நிறுவினார். 1962-ல் மத்திய அரசில் கல்வித் துறைத் துணை மந்திரி ஆனார்.

தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, சுந்தரம் ஐயங்கார் ஓய்வு பெற்றார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி கொடைக்கானலில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78. அவர் மறைந்த ஆறு ஆண்டுகளில், 1961-ல், மோட்டார் வண்டிக்கான மின்சாரக் கருவிகள் செய்யும் லூகாஸ்-டி.வி.எஸ். கம்பெனி சென்னை பாடியில் தோன்றியது.

சிலேட்டும் புத்தகமும்

இப்போது மாட வீதிக் காருக்கு வருவோம். அதன் கம்ப்யூட்டரிடம் ஒரு புத்தகமும் ஒரு சிலேட்டும் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள்.

புத்தகம், தொழிற்சாலையில் எழுதிய அடிப்படைக் கணக்கு. சிலேட்டு, தினமும் ஓடும்போது கம்ப்யூட்டர் தானே குறித்துக்கொள்ளும் கணக்கு. எவ்வளவு காற்று வருகிறது, புகையில் எவ்வளவு பிராணவாயு மிஞ்சுகிறது என்று பார்த்துப் பார்த்து, பெட்ரோலைச் சிறிது கூட்டும், சிறிது குறைக்கும்.

பாட்டரியைக் கழற்றினால் பல கார்களில் சிலேட்டு அழியும். சில கார்களில் அழியாது. அதற்கென்று உள்ள கருவியைச் செருகித்தான் அழிக்க வேண்டும். எப்படியானாலும், முதலில் சாவியை அணைக்க வேண்டும். பாட்டரியில் மைனஸ் முனையையே முதலில் கழற்ற வேண்டும். மறுபடி மாட்டிய பிறகு எஞ்சினைச் சிறிது நேரம் நின்றபடியே ஓட விட வேண்டும். பிறகு சில நாள் நிதானமாக ஓட்ட வேண்டும். கம்ப்யூட்டர் அப்போதுதான் புதுப் பாடம் படிக்கும்.

ஆனால், சிலேட்டை அழித்தால் புத்தகம் மாறாது. சிறிய மாற்றத்துக்குச் சிலேட்டு போதும். எஞ்சினில் பெரிய மாற்றம் செய்தால் விவரம் தெரிந்தவரைக் கொண்டு அடிப்படைக் கணக்கையே திருத்த வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அதை அழிப்பது மருந்து ஆகாது. நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று: வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்றச் சட்டம் இடம் தராது. கை வைக்கும் முன் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

யுத்த காலத்தில் கரி மூட்டையைச் சுமந்து ஓடிய பஸ்கள் மறைந்துவிட்டன. அந்த மெக்கானிக்குகளின் திருகாணி வேலை மறையவில்லை. அதுதான் இன்று ஒரு சிறு பெட்டிக்குள் இருந்துகொண்டு, மாட வீதியில் நின்ற காரை நகர வைக்கிறது.